சோயா ஒவ்வாமை: புதிதாக அறிந்துகொண்ட குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

‘உங்கள் குழந்தைக்குச் சோயா ஒவ்வாமை இருக்கிறது’ என்று மருத்துவர் சொன்னதும், பல தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, ‘நாங்கள் சோயாவே வாங்குவதில்லையே, பிறகு எப்படி வந்தது?’ என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் மீல் மேக்கர் குழம்பு வைக்கும் வழக்கமே இல்லாத வீட்டிலும், காலையில் காய்ச்சிக் கொடுக்கும் சத்துமாவுக் கஞ்சியிலும், மாலையில் தேநீரோடு தரும் பிஸ்கட்டிலும், பேக்கரி ரொட்டியிலும், விடுமுறை நாளில் கடையிலிருந்து வாங்கும் ஃப்ரைடு ரைஸிலும் சோயா இருக்கக்கூடும்.

இந்த நிலையில் குடும்பங்கள் இரண்டு வகையாகத் தடுமாறுகின்றன. சிலர் மீல் மேக்கரை மட்டும் நிறுத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் பயத்தில் பருப்பு, பயறு, எண்ணெய், ரொட்டி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, வளரும் குழந்தையை வெறும் சோற்றிலும் தயிரிலும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது தவறு முதல் தவறைவிடச் சிறியது என்று நான் கருதவில்லை. ஆகவே எவற்றை விலக்க வேண்டும் என்பதோடு, எவற்றை விலக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன். உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால், அவர் சொல்லையே பின்பற்றுங்கள். நோயாளியை நேரில் பார்த்தவர் அவர்தான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: உடல் எதிர்ப்பது புரதத்தை

சோயா அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பயிர். காய்ந்த விதையில் ஏறத்தாழ 36 முதல் 40 சதவீதம் புரதமும், 18 முதல் 20 சதவீதம் எண்ணெயும் உள்ளன. ஆலையில் எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் மாவில் புரதம் பாதியளவுக்கு உயர்ந்துவிடுகிறது. மலிவான அந்த மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் பிதுக்கி எடுப்பதுதான் தமிழ்நாட்டில் மீல் மேக்கர் என்றும், இலங்கையில் சோயா மீட் என்றும் விற்கப்படுகிறது. அதே மாவைப் பேக்கரிகள் ரொட்டியின் ஈரப்பதத்துக்காகச் சேர்க்கின்றன. அதை மேலும் சுத்திகரித்து, 90 சதவீதம் புரதமுள்ள தூளாக்கி, புரோட்டீன் பவுடர்களிலும் ஊட்டச்சத்துப் பானங்களிலும் கலக்கிறார்கள். எண்ணெய்ப் பகுதியிலிருந்து கிடைக்கும் லெசித்தின் என்ற பிசுபிசுப்பான பொருள், சாக்லேட்டிலும் பிஸ்கட்டிலும் கொழுப்பும் மற்றப் பொருள்களும் பிரியாமல் இருக்க உதவுகிறது.

ஒவ்வாமை என்பது இந்த விதையின் புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி எதிர்ப்பது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், ஒரு பொருள் கையில் வரும்போதெல்லாம் ‘இதில் சோயாப் புரதம் எவ்வளவு இருக்கும்?’ என்ற கேள்வியைக் கேட்டுப் பாதி முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

எந்த வகை எதிர்வினை என்று அறிதல்

வேகமாக வரும் வகையில், சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தோன்றும். வாயிலும் தொண்டையிலும் அரிப்பு, உடம்பில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, வயிற்றுவலி, இருமல், இளைப்பு ஆகியன இதில் அடங்கும். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இதை நடத்துகிறது. இவற்றில் தோல் மட்டுமல்லாமல் மூச்சோ இரத்த ஓட்டமோ பாதிக்கப்படும்போது, அது அனாஃபிலாக்சிஸ் என்ற உயிராபத்தான நிலையாகிறது. வேர்க்கடலையோடு ஒப்பிடும்போது சோயாவால் இந்த நிலை ஏற்படுவது குறைவு, ஆனாலும் ஏற்படுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

தாமதமாக வரும் வகை, பெற்றோரை மட்டுமன்றிச் சில நேரம் மருத்துவமனையையும் ஏமாற்றிவிடும். சோயா கலந்த உணவைக் கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்துக் கைக்குழந்தை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, வெளிறிப்போய்த் துவண்டுவிடும். தோலில் ஒரு தடிப்பும் இராது. ஐஜிஇ இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பலரும் இதைக் கிருமித் தொற்று அல்லது கெட்டுப்போன உணவின் விளைவு என்று நினைத்துவிடுகிறார்கள். இதே உணவு கொடுத்த வேறொரு நாளிலும் இப்படியே நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நடந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இந்த வகையில் குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படுவது நீர்ச்சத்து. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும், மற்றபடி நன்றாக இருக்கும் சிசுவின் மலத்தில் இரத்தக் கோடுகள் தெரிவது இன்னொரு தாமத வகை. இதில் பெரும்பாலும் காரணம் பசும்பால், சில நேரம் தாய் உண்ட சோயா.

சோயா சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, காற்றுப் பிரிகிறது என்பது ஒவ்வாமையைச் சேர்ந்ததன்று. பயறு வகைகளில் உள்ள, செரிக்கச் சிரமமான சில சர்க்கரைகளின் வேலை அது. அதற்காக இந்தக் கட்டுரையில் உள்ள கட்டுப்பாடுகள் எதுவும் தேவையில்லை.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் அறிய வேண்டிய தனி வகை ஒன்று உண்டு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் வசந்த காலத்தில் பிர்ச் மரத்தின் மகரந்தத்தால் தும்மலும் கண்ணரிப்பும் வருகிறவர்களுக்கு, அந்த மகரந்தப் புரதத்தைப் போலவே அமைந்த ‘க்ளை எம் 4’ என்ற சோயாப் புரதமும் ஒவ்வாமல் போகலாம். இவர்கள் டோஃபுவையோ சோயா சாஸையோ சிக்கலின்றிச் சாப்பிட்டு வந்திருப்பார்கள். ஆனால் ஒரு குவளை சோயாப் பாலையோ சோயாப் புரோட்டீன் பானத்தையோ குடித்தவுடன் தொண்டை வீங்கி மூச்சுத் திணறும். வழக்கமான சோயா இரத்தப் பரிசோதனையில் இது தெரியாமல் போகக்கூடும் என்பதால், பிர்ச் ஒவ்வாமை இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, அந்தக் குறிப்பிட்ட புரதத்துக்கான சோதனையைக் கேட்க வேண்டும்.

உறுதி செய்துகொள்ளுதல்

மருத்துவரிடம் போவதற்கு முன், ஒரு நோட்டில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை நிமிடத்தில் முதல் அறிகுறி தெரிந்தது, எப்படி அடங்கியது. தடிப்பு மறைவதற்குள் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். உணவு பாக்கெட்டில் வந்ததானால் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். எந்தச் சோதனையையும்விட இந்தக் குறிப்புகள் ஒவ்வாமை நிபுணருக்கு அதிகம் உதவும்.

தோல் குத்துச் சோதனையில், சோயாச் சாற்றின் ஒரு துளியை முன்கையில் வைத்து நுண்ணிய ஊசியால் கீறி, சுமார் 15 நிமிடத்தில் எழும் தடிப்பை அளப்பார்கள். செட்ரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மருந்துகளைச் சில நாள் முன்பே நிறுத்தியிருந்தால்தான் இதன் முடிவு சரியாக வரும்; எத்தனை நாள் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஐஜிஇ இரத்தப் பரிசோதனைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளில் ‘பாசிட்டிவ்’ என்று வருவது, உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. சோயாவைச் சாதாரணமாகச் சாப்பிட்டு நலமாக இருக்கும் பலருக்கும், குறிப்பாக வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, சோயாச் சோதனை பாசிட்டிவாக வருவது உண்டு. ஆகவே சாப்பிட்டு எதுவும் ஆகாத உணவை ஒரு தாளில் உள்ள எண்ணுக்காக நிறுத்துவதற்கு முன் நிபுணரிடம் பேசுங்கள். ஐயம் தீராதபோது, மருத்துவமனையில் கண்காணிப்பின் கீழ் மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சோயாவைக் கொடுத்துப் பார்க்கும் வாய்வழி உணவுச் சோதனைதான் இறுதித் தீர்ப்பு. இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. இணையத்தில் விற்கப்படும், நூற்றுக்கணக்கான உணவுகளுக்கான ஐஜிஜி (ஐஜிஇ-யிலிருந்து வேறான ஓர் எதிர்ப்பொருள்) சோதனைத் தொகுப்புகளில் பணத்தைச் செலவழிக்காதீர்கள். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அவை பயன்படா என்று ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

சமையலறையைச் சரிபார்த்தல்

ஒரு விடுமுறை நாளில் அலமாரியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துவையுங்கள். மீல் மேக்கர், சோயாப் பயறு, சோயா மாவு, சோயாப் பால், டோஃபு என்ற சோயா பனீர், சோயா சாஸ் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தவை. சோயா சாஸ் நொதித்துத் தயாராவது என்பதால் புரதம் ஓரளவு சிதைந்திருக்கும், முழுமையாக நீங்கியிருக்காது. ஆகவே ஒரு கரண்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்கள் தௌஹு, தெம்பே, கிச்சாப் ஆகியவற்றையும், ஜப்பானிய உணவு விரும்பிகள் மிசோ, நாட்டோ, எடமாமே ஆகியவற்றையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும். இலங்கையில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷ மா, சோளத்தோடு சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுக்காமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் காரணத்தைச் சொல்லி மாற்று வழி கேளுங்கள்.

நம் வீடுகளில் அடுத்து ஆராய வேண்டியது சத்துமாவு. கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு என்று பல தானியங்களை வறுத்து அரைக்கும்போது, ‘புரதம் கூடும்’ என்று ஒரு பிடி சோயாவையும் சேர்ப்பது பரவலாகிவிட்டது. கடையில் வாங்கும் ஹெல்த் மிக்ஸ்களிலும் இது உண்டு. பாட்டி அன்போடு ஊரிலிருந்து அரைத்து அனுப்பும் மாவுப் பொட்டலத்தில் சேர்மானப் பட்டியல் ஒட்டியிருக்காது. தொலைபேசியில் கேட்டு ஒவ்வொரு தானியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தோடு முடியவில்லை. மாவு மில்லைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நமக்கு முன்னால் வந்தவர் சோயா சேர்ந்த சத்துமாவை அரைத்துவிட்டுப் போயிருந்தால், கல்லின் இடுக்கிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு நம் கோதுமையோடு கலந்து வரும். பாக்கெட்டில் எழுதாத, யாரும் வேண்டுமென்று சேர்க்காத சோயா இது. காரணம் தெரியாமல் அவ்வப்போது தடிப்பு வருகிற குழந்தையின் வீட்டில் நான் முதலில் கேட்கச் சொல்வது மில்லைப் பற்றித்தான். சிறிய அளவானால் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது நல்லது. மில்லுக்குப் போயே ஆக வேண்டுமானால், அரிசி மட்டும் அரைக்கும் தனி எந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் விழும் மாவைத் தனியே எடுத்து மற்றவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடுமையான எதிர்வினை வந்தவருக்கு இந்த வழி போதாது.

தூசியைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 1981 முதல் 1987 வரை 26 முறை, ஒரே நாளில் ஏராளமானோர் கடும் ஆஸ்துமாவோடு மருத்துவமனைகளுக்கு வந்தனர். துறைமுகத்தில் சோயா விதை இறக்கப்பட்ட நாட்களோடு அவை பொருந்துவதையும், தூசி வடிகட்டி இல்லாத சேமிப்புக் கோபுரம் ஒன்றிலிருந்து விதைத்தோலின் தூசி காற்றில் பரவியதையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வடிகட்டி பொருத்தியதும் அந்த அலைகள் நின்றன. அது மூச்சுவழி ஒவ்வாமை. உண்பதால் வரும் ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. பக்கத்து மேசையில் யாரோ மீல் மேக்கர் சாப்பிடுவதால் உங்கள் குழந்தைக்கு ஆபத்து இல்லை. ஆனால் சோயா மாவு பறக்கும் மில்லுக்குள் ஆஸ்துமா உள்ளவரை அழைத்துச் செல்லாமல் இருப்பது நல்லது.

லேபிளைப் படித்தல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள், தனியாக அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் சோயாவையும் சேர்த்திருக்கின்றன. சேர்மானப் பட்டியலுக்கு அருகில் ‘கண்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அமெரிக்காவில் 2004-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள்கள் கொண்ட பட்டியலின்படியும் சோயாவை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஆகவே அங்கிருந்து வரும் பொருள்களிலும் இந்தத் தகவலை எதிர்பார்க்கலாம். ‘மே கண்டெய்ன்’ என்ற வரி, அதே ஆலையில் சோயாவும் கையாளப்படுவதால் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை. அந்த வரி இல்லாததை மட்டும் வைத்துக் கலப்பே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அந்த வரியோடு நிற்காமல் சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். ‘டெக்ஸ்சர்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்றால் பெரும்பாலும் சோயாதான். ‘ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ சோயா, சோளம், கோதுமை, வேர்க்கடலை ஆகியவற்றுள் எதிலிருந்தும் வரலாம். சூப் தூள், நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ் மேல் தூவும் தூள் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். ‘மல்டிகிரெய்ன்’ என்று பெயரிட்ட ஆட்டாவிலும் ரொட்டியிலும் சோயா மாவு அடிக்கடி சேர்கிறது. சாசேஜ், நக்கெட்ஸ், பர்கர் போன்ற பதப்படுத்திய இறைச்சியிலும், இறைச்சி இல்லாத அவற்றின் மாற்றுகளிலும், முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கப்படும் ஊட்டச்சத்துப் பவுடர்களிலும் தவறாமல் பாருங்கள். அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளுட்டமேட் சோயாப் புரதம் அன்று. அதை இந்தக் காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை.

ஒருமுறை படித்துப் பாதுகாப்பானது என்று அறிந்த பொருளையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மீண்டும் படிக்க வேண்டும். நிறுவனங்கள் அறிவிப்பின்றிச் சேர்மானத்தை மாற்றுகின்றன. லேபிள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், வீட்டில் ஆங்கிலம் படிக்காத பெரியவர்கள் குழந்தைக்கு உணவு தருவார்களானால், படித்துச் சரிபார்த்த பொருள்களில் பச்சை வட்டம் ஒட்டிவிடுங்கள். வட்டம் இல்லாத எதையும் கொடுக்கக் கூடாது என்பது பாட்டிக்கும் எளிது, பாதுகாப்புக்கும் உறுதியானது. இனிப்புக் கடையிலும் பேக்கரியிலும் லேபிள் இல்லாமல் எடைபோட்டுத் தரும் பொருள்களுக்கு இந்த உறுதி கிடையாது.

விலக்கத் தேவையில்லாதவை

நன்கு சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை. சோயா ஒவ்வாமை உள்ள பெரும்பாலோர் அதைத் தாங்குகிறார்கள். இந்தக் காரணத்தால் ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் அதற்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கு அளித்துள்ளன. ஆனால் சூடு காட்டாமல் பிழிந்து வடிகட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். வழக்கத்தில் செக்கு எண்ணெயே உயர்ந்தது என்று எண்ணும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். சோயாவைப் பொறுத்தவரை விலக்க வேண்டியது சுத்திகரிக்காத எண்ணெயைத்தான். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பயன்படுத்தும் வீட்டில் இந்தக் கேள்வியே எழாது.

லெசித்தின் லேபிளில் ஐஎன்எஸ் 322 என்று எண்ணாகவும் வரும். அது சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ வந்திருக்கலாம். சோயா லெசித்தினில் புரதம் மிகச் சிறிதளவே இருப்பதால் பலருக்கும் அது எதுவும் செய்வதில்லை. குழந்தை இதுவரை சாதாரண சாக்லேட்டும் பிஸ்கட்டும் சாப்பிட்டு நலமாக இருந்திருக்கிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லி, லெசித்தினை அனுமதிக்கலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் கடை அலமாரியில் உங்கள் தெரிவு பல மடங்கு விரிவடையும்; கேட்காமலே ஆண்டுக்கணக்கில் அதை விலக்கி வாழ்வது குழந்தைக்குத் தேவையற்ற சுமை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பருப்பு. துவரையும் உளுந்தும் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் சோயாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று படித்தவுடன் பலர் அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். சோதனைத் தாளில் இந்த உறவு தெரிவது உண்டு. தட்டில் அது எதிர்வினையாக மாறுவது அதைவிட மிகவும் குறைவு. இதுவரை சாம்பாரும் இட்லியும் சுண்டலும் சாப்பிட்டு எதுவும் ஆகாத குழந்தைக்கு அவற்றைத் தொடர்ந்து கொடுங்கள். இதுவரை கொடுத்தே இராத பயறு ஒன்றை அறிமுகப்படுத்தும்போதும், வேர்க்கடலையை முதன்முதலாகக் கொடுக்கும்போதும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குக் கடலைக்கும் பயறுக்கும் தனியாக ஒவ்வாமை இருப்பது உண்டு. சைவக் குடும்பத்தில் பருப்பை நிறுத்தினால் புரதத்துக்குப் பாலைத் தவிர வேறு வழி மிகவும் சுருங்கிவிடும்.

பசும்பாலும் ஒத்துக்கொள்ளாத சிசுவாக இருந்தால்

பசும்பால் ஒவ்வாமை உள்ள சிசுவுக்கு மாற்றாகச் சோயா மாவுப்பால் பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. வேகவகைப் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்வதில்லை. தாமத வகையில் இந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்குச் சோயா மாவுப்பாலைத் தவிர்க்கும்படி ஐரோப்பிய குழந்தைநல வல்லுநர் குழு 2006-இல் பரிந்துரைத்தது. இரண்டும் ஒத்துக்கொள்ளாதபோது, பால் புரதத்தை நுண்துண்டுகளாகச் சிதைத்துத் தயாரித்த மாவுப்பாலையோ, அமினோ அமில மாவுப்பாலையோ மருத்துவர் எழுதித் தருவார். தாய்ப்பால் கொடுக்க முடிகிறவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. தாயின் உணவிலிருந்து எதையேனும் நீக்குவதானால் மருத்துவர் சொல்லும் காலத்துக்கு மட்டும் நீக்கி, மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளியில் சாப்பிடுதல்

ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், மஞ்சூரியன், சில்லி சிக்கன், சில்லி பரோட்டா ஆகியவற்றில் சோயா சாஸ் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே வாணலியில், அதே கரண்டியால் சமைக்கும் முட்டைப் பொடிமாஸும் கொத்துப் பரோட்டாவும் கலப்புக்கு உள்ளாகும். வெஜ் பிரியாணியிலும் குருமாவிலும் மீல் மேக்கர் வரும். சில கடைகளில் பப்ஸ், சமோசாவின் உள்ளீட்டில்கூட உதிர்த்துச் சேர்க்கிறார்கள். ‘உருண்டையை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடு’ என்பது அக்கறையோடு சொல்லப்படும் ஆபத்தான அறிவுரை. அது குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் அதே வேளையில் தன் புரதத்தைச் சோற்றிலும் குழம்பிலும் விட்டுவிடுகிறது.

பரிமாறுபவரிடம் ‘அலர்ஜி’ என்று மட்டும் சொன்னால் அது காரம் குறைப்பது போன்ற விருப்பமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘சோயா சாஸோ மீல் மேக்கரோ சிறிது பட்டாலும் பிள்ளைக்கு மூச்சு முட்டும், சமைப்பவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று முழுமையாகச் சொல்லுங்கள். பதில் தயங்கி வந்தால் இட்லி, தோசை, சாம்பார், ரசம், தயிர்சாதம் போன்ற, சோயா சேரும் வழக்கமில்லாத நம் பழைய உணவுகளே பாதுகாப்பானவை. கல்யாணப் பந்தியில் மீல் மேக்கர் சேர்ந்த பதார்த்தத்தின் கரண்டி அடுத்த பாத்திரத்துக்குள் போவது சாதாரணம் என்பதால், பந்தி தொடங்கும் முன்பே சமையல்காரரிடம் குழந்தைக்கான உணவைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லலாம்.

அவசர நிலையில் செய்ய வேண்டியவை

மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், மயக்கம், துவண்டு விழுதல் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும், அல்லது தடிப்போடு தொடர் வாந்தி சேர்ந்தாலும், அனாஃபிலாக்சிஸ் என்றே கருதுங்கள். இதற்கான மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அளவு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்ற கணக்கில் மருத்துவர் நிர்ணயிப்பார். மேலைநாடுகளில் உள்ளவர்கள் தானாகச் செலுத்தும் பேனா வடிவ ஊசியை எப்போதும் இரண்டாக வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பேனா எளிதில் கிடைப்பதில்லை என்பதால், வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எப்படிப் போடுவது என்று மருத்துவரிடமே நேரில் கற்றுக்கொண்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டவுடன் இந்தியாவில் 108-ஐயும், மற்ற நாடுகளில் அங்குள்ள அவசர எண்ணையும் அழையுங்கள். பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திவையுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரவும், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவும் செய்யுங்கள். எழுந்து நடக்கவிடக் கூடாது. திடீரென்று எழுந்து நிற்பதால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போன நிகழ்வுகள் உண்டு. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். செட்ரிசின் அரிப்பைத் தணிக்கும், அனாஃபிலாக்சிஸை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் பொன்னான நேரம் போகிறது. அறிகுறிகள் அடங்கிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் சொல்லும்வரை இருங்கள்.

பள்ளியும் மருத்துவமனையும்

பள்ளியில் வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், விளையாட்டு ஆசிரியர் மூவரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள்: குழந்தையின் படம், விலக்க வேண்டிய உணவு, அறிகுறிகள், செய்ய வேண்டியது, தொலைபேசி எண்கள். தமிழ்நாட்டுச் சத்துணவுப் பட்டியலில் மீல் மேக்கர் சேர்ந்த கலவை சாதமும் உண்டு என்பதால், அந்த நாள் எது என்று கேட்டு, வீட்டிலிருந்து உணவு அனுப்புங்கள். பிறந்தநாள் சாக்லேட்டைக் குழந்தை மறுத்து மனம் வாடாதிருக்க, அனுமதிக்கப்பட்ட இனிப்புகள் உள்ள சிறு டப்பாவை ஆசிரியரிடம் முன்பே கொடுத்துவைக்கலாம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் சோயா ஒவ்வாமையைச் சொல்லுங்கள். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து சோயா எண்ணெயில் கலந்து தயாரிக்கப்படுகிறது. சோயா ஒவ்வாமை உள்ள பெரும்பாலோர் அதைச் சிக்கலின்றிப் பெறுகிறார்கள். இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியவர் அந்த மருத்துவர்.

மறுபரிசோதனை

சோயா ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 133 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, 4 வயதுக்குள் சுமார் 25 சதவீதத்தினருக்கும், 6 வயதுக்குள் 45 சதவீதத்தினருக்கும், 10 வயதுக்குள் 69 சதவீதத்தினருக்கும் அது நீங்கும் என்று கணித்தது. ஒருமுறை எழுதிக்கொடுத்த கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டும் என்று எண்ணிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையோ மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள். இடையில் தவறுதலாகச் சோயா சாப்பிட்டிருந்தால், எதிர்வினை வந்தாலும் வராவிட்டாலும், தேதியோடு நோட்டில் குறித்து அதையும் எடுத்துச் செல்லுங்கள். சோதனை எண்கள் குறைந்திருந்தால் மருத்துவமனையில் உணவுச் சோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள். அதற்குக் காய்ச்சலோ இளைப்போ இல்லாத நாளாக இருக்க வேண்டும், அரை நாளுக்கு மேல் ஆகலாம். அதில் தேறிவிட்டால் சோயாவை மறுபடி ஒதுக்கி வைக்காமல், மருத்துவர் சொல்லும் அளவில் வாரந்தோறும் உணவில் சேர்த்துக்கொண்டே வரவேண்டும்.